ஏலக்காய் ஏற்றினால் மட்டும் படுத்துக்கொண்ட லாரி

பூப்பாறையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியபோது, என் மடியில் இருந்த ஸ்கேனரின் திரையில் ஒன்பது என்ற எண் நின்றது. கண்ணை இமைத்தால் குறைந்துவிடுமோ என்று பயந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் கணேசபாண்டி அண்ணன் சாலையைப் பாதியும் டாஷ்போர்டைப் பாதியும் பார்த்து ஓட்டினார். டாஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட ஒரு சின்ன மஞ்சள் விளக்கு உண்டு. இதுவரை எரியவில்லை.

பின்னால் ஏலக்காய் மூட்டைகள். தார்ப்பாயை இறுக்கிக் கட்டியிருந்தும் வாசனை கேபினுக்குள் வந்துகொண்டிருந்தது. வெளியே சாரல். வைப்பர் ஒவ்வொரு தடவையும் கிறீச்சென்று முனகியது.

"எவ்வளவு காட்டுது ஆத்தா?"

"ஒம்பது."

"இப்ப?"

"இப்பத்தானண்ணே சொன்னேன். ரோட்டைப் பாருங்க."

அந்த விளக்கு எரிந்தால் என் கடை போர்டைக் கழற்றிவிடுவதாக முந்தின நாள் லாரி ஸ்டாண்டில் பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தேன். யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். இந்த வாரம்தான் புதிதாக வந்தீர்கள் என்றால் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எனக்குக் கோபம் வந்தபிறகுதான் யோசனை வரும்.

வண்டிக்குள் ஒரு போலீஸ்காரர்

என் பெயர் ஈஸ்வரி. போடியில் டிரைவர்கள் என்னை 'ஸ்கேன் அக்கா' என்பார்கள். ஸ்பேனர் பிடிப்பதைவிட ஸ்கேனர் பிடிப்பது அதிகம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஒயரைச் செருகினால் வண்டி தன் உடம்புக்கு என்ன என்று சொல்லும்.

புது டீசல் லாரிகளில், புகைக்குழாய் வழியாக என்ன போகிறது என்று வண்டியே தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஓபிடி என்பார்கள். கெட்ட புகை கூடினால் மஞ்சள் விளக்கைப் போடும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடும். லோடோடு மலை ஏறும் வண்டிக்கு இழுவை குறைந்தால், நடுரோட்டில் படுத்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

"முன்னெல்லாம் செக்போஸ்ட்ல மட்டும்தான் போலீசு. இப்ப வண்டிக்குள்ளயே ஒருத்தரை உக்கார வச்சுட்டான்" என்பார் கணேசபாண்டி அண்ணன்.

இந்த லாரிகளில் டீசல் டேங்க்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன டேங்க் இருக்கும். அதில் யூரியாத் திரவம் ஊற்ற வேண்டும். ஒரு பம்பு அதை இழுத்துப் புகையில் பீய்ச்சும். புகையில் இருக்கும் விஷ வாயு அடங்கும். யூரியா என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் வயல்காடுதான் ஞாபகம் வரும். தேவாரத்துக்காரர் ஒருவர், மக்காச்சோளத்துக்குப் போட்டது போக அரை மூட்டை மிச்சமிருக்கிறது, கரைத்து ஊற்றலாமா என்று கேட்டே விட்டார். ஊற்றினால் வண்டியில் மக்காச்சோளம் முளைக்கும் என்று சொல்லி அனுப்பினேன்.

மதுரையில் ஒரு சர்வீஸ் சென்டரில்தான் நான் தொழில் கற்றேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்துவிட்டுப் போனவளை முதல் வருஷம் முழுக்க வரவேற்பு மேஜையில் உட்காரவைத்து டோக்கன் கிழிக்கச் சொன்னார்கள். ஸ்கேனர் வந்தபோது மெக்கானிக்குகள் யாரும் அதைச் சீண்டவில்லை. கிரீஸ் கையோடு பட்டன் அமுக்குவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. நான் டோக்கன் கட்டை வைத்துவிட்டு எழுந்து போய் அதை எடுத்தேன். அன்றைக்கும் கோபத்தில்தான் எழுந்தேன். அந்தக் கோபத்துக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

ஐந்து தடவை

கணேசபாண்டி அண்ணனுக்கு ஊர் சிலமலை. சொந்த லாரி, அவரே டிரைவர். போடியிலிருந்து அரிசியோ உரமோ ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார். இறக்கிவிட்டு, எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய் ஏற்றிக்கொண்டு கமிஷன் கடைக்கு வருவார்.

அந்த லாரி அந்த சீசனில் ஐந்து தடவை படுத்தது. ஒவ்வொரு தடவையும் பூப்பாறைக்கும் போடிமெட்டுக்கும் நடுவில், ஏற்றத்தில். மஞ்சள் விளக்கு எரியும், இழுவை போகும். வேறு லாரி வரவழைத்து, மழையில் மூட்டை மூட்டையாகச் சரக்கை மாற்ற வேண்டும். பிறகு காலி வண்டியை உருட்டிக்கொண்டு என் கடைக்கு வருவார். நான் ஒயரைச் செருகுவேன். 'யூரியா அழுத்தம் குறைவு' என்று குறியீடு வரும். ஆனால் அந்த நிமிஷம் அழுத்தம் பார்த்தால் சுத்தமாக ஒன்பது காட்டும்.

பம்பை மாற்றினோம். ஃபில்டரை மாற்றினோம். ஒயரை இன்ச் இன்ச்சாகத் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒரு குறையும் இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் படுத்தது.

ஐந்தாவது தடவை வந்தபோது அவர் கத்தவில்லை. லாரி ஸ்டாண்டை ஒட்டிய என் கடை வாசலில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"கமிஷன் கடை மொதலாளி சொல்லிட்டாரு ஆத்தா. இன்னொரு தடவை நடுரோட்டுல சரக்கை மாத்துனா, அப்புறம் எங்கிட்ட லோடு கேட்டு வராதேன்னு."

"ஒரு வாரம் குடுங்கண்ணே."

"வாரமெல்லாம் இல்ல. நாளைக்கு லோடு இருக்கு. மதுரைப் பக்கம் ஒருத்தரு ஒரு பெட்டி மாட்டுறாராம். அரை நாள் சோலி. விளக்கே எரியாதாம். இன்னைக்கே போயி மாட்டிட்டு வந்துர்றேன்."

அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். யூரியா ஒழுங்காகப் பீய்ச்சுகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். ஒரு சொட்டும் பீய்ச்சாது. விளக்கு எரியாது. விஷப்புகை அப்படியே வெளியே போகும். ஸ்டாண்டில் நின்ற மற்ற டிரைவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். இவர் மாட்டினால் வரிசையாக எல்லாரும் மாட்டுவார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் என் ஸ்கேனருக்கு என்ன வேலை?

"நாளைக்கு லோடு ஏத்தப் போறப்ப நானும் வர்றேன். விளக்கு எரிஞ்சா நீங்க பெட்டியை மாட்டிக்கங்க. நான் போர்டைக் கழட்டிர்றேன்."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அன்று சாயங்காலம் அவருடைய டிரிப் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஓபிடி, கோளாறு வந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்று ஒரு பதிவு எடுத்து வைத்துக்கொள்ளும். என்ன வேகம், என்ன சூடு, இஞ்சினுக்கு எவ்வளவு பாரம், எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பதிவுகளை நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அரிசி ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறியபோது ஒரு தடவைகூடக் கோளாறு வரவில்லை. உரம் ஏற்றியபோதும் வரவில்லை. ஐந்து தடவையும் ஏலக்காய். அரிசியைவிட லேசான சரக்கு, அதைவிடச் சின்ன ஏற்றம்.

பாரத்தால் வந்த கோளாறு என்று அதுவரை எல்லாரும் சொன்னோம், நானும்தான். லாரிக்கு ஏலக்காய் பிடிக்காமல் போக என்ன காரணம் இருக்க முடியும்?

முந்தானையில் படிந்த கரி

பெட்டி மாட்டுவதில் அப்படி என்ன பாவம் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா ஏலக்காய் எடுக்க மலைக்குப் போனவள். விடிவதற்குள் போடியில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். ஒரு ஜீப்பில் இத்தனை பேர்தான் என்ற கணக்கெல்லாம் கிடையாது. மடியில் ஒருத்தி, மடிமேல் தூக்குவாளி. பள்ளிக்கூட லீவில் நானும் போயிருக்கிறேன். முன்னால் ஒரு பழைய லாரி போனால் போதும். வளைவுகளில் முந்த முடியாது. போடிமெட்டு வரைக்கும் அதன் புகைதான் எங்களுக்குக் காற்று. பெண்கள் எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். மேலே போய் இறங்கி உதறினால் முந்தானையில் மூக்கு இருந்த இடத்தில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும்.

அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, கடைசி வருஷங்களில் மாடிப்படி ஏற முடியாமல் போனது. புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. நானும் அப்படிச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டியை யாராவது கையில் எடுத்துக் காட்டினால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. இன்றைக்கும் அந்த ஜீப்புகள் போகின்றன. இன்றைக்கும் அவற்றில் பெண்கள் போகிறார்கள்.

ஒன்பதிலிருந்து ஏழரை

காலையில் அரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். முந்தல் தாண்டி மெட்டு வரைக்கும் எண் ஒன்பதை விட்டு அசையவில்லை. எஸ்டேட்டுக்குப் போய் அரிசியை இறக்கினோம். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் வாசலில் மூட்டைகளை ஏற்றினார்கள். ஏற்றும்போது நான் கேபினை விட்டு இறங்கவே இல்லை. கட்டன்சாயாகூடக் கேபினுக்கே வந்தது. ஏதாவது ஒயர் அசைகிறதா, எண் மாறுகிறதா என்று திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய புத்திசாலி நான் என்று இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியும்.

பூப்பாறை தாண்டி மூன்றாவது வளைவில் எட்டே முக்கால் ஆனது. அண்ணனிடம் சொல்லவில்லை.

எட்டரை. எட்டு.

போர்டு கண்முன்னால் வந்தது. கழற்றினால் சுவரில் நான்கு ஆணி ஓட்டை தெரியுமே, அதை என்ன வைத்து அடைப்பது என்றுகூட யோசித்தேன். மனசு அப்படித்தான் கிறுக்குத்தனமாக ஓடியது.

ஏழரை. இந்த எண் இப்படியே கொஞ்ச நேரம் நின்றால் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிடும்.

"நிப்பாட்டுங்கண்ணே!"

"ஏத்தத்துலயா?"

"நிப்பாட்டுங்கன்றேன்! இஞ்சினை ஆஃப் பண்ணாதீங்க!"

அவர் ஓரம் கட்டினார். கல் எடுத்து டயருக்கு வைக்கச் சொல்லிவிட்டுச் சாரலில் குதித்தேன். இதுவரை நான் பார்த்ததெல்லாம் காலி வண்டி. ஏலக்காய் லோடோடு இருக்கும் வண்டியைப் பக்கத்தில் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. தார்ப்பாய் யூரியா டேங்க்கை மூடித் தொங்கியது. தூக்கிப் பார்த்தேன்.

டேங்க்கின் தலையில் காளான் குடை போல ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கும். திரவம் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அதன்மேல் பாலிதீன் பையை இரண்டு மடிப்பாகச் சுற்றி, சைக்கிள் ட்யூபில் வெட்டிய ரப்பர் வாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவ்வளவு அழகான கட்டு. பொட்டுக் காற்று புகாது.

"இது என்னண்ணே?"

"அதுவா? யூரியா வாடை காய்ல ஏறிறக் கூடாதுன்னு ஸ்டோர்ல தங்கராசண்ணே கட்டி விடுறது."

"எப்பயும் கட்டுவாரா?"

"அரிசிக்கு எதுக்குக் கட்டணும்? ஏலக்கா ஏத்துனா மட்டும்தான்."

"படுத்த வண்டில சரக்கை மாத்துவீங்களே, அப்ப?"

"அப்ப நாந்தான் அவுத்து வச்சுக்கிருவேன். அடுத்த தடவை அந்த வாரை மறக்காமக் கொண்டாம்பாரு. டாஷ்போர்டு மேலதான் கிடக்கும். நீகூட ஒருநா அதை எடுத்து ஓரமா வச்சியே."

நான் வைத்தேன். ஒயரைச் செருக இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை இந்தக் கையால் எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இதை ஏண்ணே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ கேக்கலையே ஆத்தா. வண்டிக் கோளாறுதானே கேட்ட. இது லோடு கட்டுறதுல சேத்தி."

தலையில் அடித்துக்கொள்ளக் கை போனது. அதற்கு நேரமில்லை. வாரை இழுத்தேன், வரவில்லை. பல்லால் கடித்துப் பிய்த்தேன். பாலிதீன் விலகியதும் டேங்க் 'உஸ்ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தது. அத்தனை நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஓடிப்போய்க் கேபினில் ஏறினேன். ஏழரை. ஏழே முக்கால். எட்டு. எட்டரை. அப்புறம் ஒன்பது.

மஞ்சள் விளக்கு எரியவே இல்லை.

நான் கத்திய கத்தலில் பக்கத்துத் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாம்பு கடித்துவிட்டதாக நினைத்திருப்பார்கள். கணேசபாண்டி அண்ணன் ஒன்றும் புரியாமல் கையில் கல்லோடு நின்றார். பம்பு காற்றில்லாத டேங்க்கிலிருந்து இழுக்க முடியாமல் திணறியது, இஞ்சின் தப்பில்லை, பம்பு தப்பில்லை, கம்ப்யூட்டர் ஐந்து தடவையும் உண்மையைத்தான் சொன்னது என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அப்ப வண்டி நல்ல வண்டியா?" என்றார் அவர்.

"நல்ல வண்டிண்ணே. மூக்கைப் பொத்திட்டு மலை ஏறச் சொன்னா எது ஏறும்?"

தங்கராசு அண்ணனின் மூக்கு

அடுத்த வாரம் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தங்கராசு அண்ணனை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பிப் போனேன். வழி நெடுகக் கேள்விகளைத் தயார் செய்துகொண்டே போனேன்.

ஸ்டோருக்குள் அனல். அவர் ஒரு கைப்பிடி காயை அள்ளி என் மூக்கருகில் நீட்டி, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"மணத்துப் பாரு மோளே. இந்தக் காய் எது பக்கத்துல இருந்தாலும் அந்த வாடையைப் பிடிச்சுக்கும், கேட்டியா? ஒரு வருஷம் மண்ணெண்ணெய் வாடை அடிச்சு ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்துச்சு. பின்னே எனக்குத் தூக்கம் உண்டா? புது லாரில ஒரு டேங்க்குல மூத்திர வாடை. எங்கேருந்துன்னு மோந்து மோந்து பாத்து, அந்தக் குழல்னு கண்டுபிடிச்சேன்."

பம்பையும் ஃபில்டரையும் மாற்றிய மெக்கானிக்குகளும் நானும் சேர்ந்து கண்டுபிடிக்காத குழலை இந்த மனிதர் மூக்கால் கண்டுபிடித்திருக்கிறார். தயார் செய்த கேள்விகள் எல்லாம் எங்கோ போய்விட்டன. அது மூச்சுக்குழல், அடைத்தால் வண்டி நின்றுவிடும் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

"அய்யோ, அப்ப அஞ்சு தடவையும் ஞானா?"

"நீங்க காயைக் காப்பாத்துனீங்கண்ணே. நான்தான் லோடோட வண்டியைப் பாக்காம விட்டேன்."

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடும் கறுப்புக் குழாயில் ஒரு முழம் வெட்டி எடுத்து வந்தார். மூச்சுக்குழலில் செருகி, வாய் கீழே பார்க்கும்படி சேஸிஸ் ஓரமாக இறக்கிக் கட்டினார். காற்று போகும், வாடை மேலே ஏறாது. ஸ்கேனரில் ஒன்பது நின்றது. இன்றைக்கு அந்த எஸ்டேட்டுக்குப் போகும் எல்லா லாரியிலும் அந்த ஒரு முழக் குழாய் இருக்கிறது. எந்த லாரியிலும் பெட்டி இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஏன் மறைக்க வேண்டும்?

இறக்கம்

அன்றைக்கு மெட்டில் நாங்கள் டீக்குக்கூட நிற்கவில்லை. பதினேழு வளைவும் இறங்கினோம். மழை விட்டிருந்தது. கீழே போடியின் தென்னந்தோப்புகள் வெயிலில் பளபளத்தன. ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் தேவைக்கு மேல் ஹாரன் அடித்தார். எதிரே யாரும் வராத வளைவிலும் அடித்தார். எனக்கும் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஸ்டாண்டுக்குப் போகாமல் நேராகக் கமிஷன் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். முதலாளி கடையில் இல்லை. அண்ணன் போனைப் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

முதலாளி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"எங்கடா நிக்கிறே? பூப்பாறைலயா?"

"இல்ல மொதலாளி. நம்ம கடை வாசல்ல."



"சரக்கு?"

"சரக்கும் இங்கதான் இருக்கு."

"அதுக்குள்ளயா? எந்த வண்டில மாத்தி ஏத்துனே?"

கணேசபாண்டி அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு போனை வாய்க்கு நேராகப் பிடித்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்.

"எந்த வண்டிலயும் மாத்தல மொதலாளி. எல்லாம் என் வண்டிதான். வந்து தொட்டுப் பாருங்க, இஞ்சின் இன்னும் சூடு ஆறல."